உழவு இயந்திரத்திலிருந்து பெட்டியைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரு ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு வந்த உழவு இயந்திரம் அதே தோட்டத்தை உழவும் வேண்டுமென்றால், முதலில் பின்னால் இழுத்துவந்த பெட்டியை (ட்ரெயிலரை) கழற்றிவிட்டுத்தான் கலப்பையைப் பூட்ட முடியும். யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இது பழகிய வேலை; பழகியதாலேயே அவசரத்தில் செய்யப்படும் வேலையும்கூட. வீதியில் ஓடும்போது இருக்கும் கவனம், எஞ்சினை நிறுத்திய பிறகு பலரிடம் இருப்பதில்லை. பெட்டியை இயந்திரத்தோடு பிணைக்கும் இணைப்பு ஊசி இறுகிக்கொண்டு வர மறுப்பது, பெட்டி முன்னோக்கிக் குத்துவது அல்லது பின்னோக்கிச் சாய்வது, விரல் நசுங்குவது ஆகிய எல்லாவற்றுக்கும் காரணத்தைத் தேடிப்போனால், ஊசியில் கைவைப்பதற்கு முன்னர் செய்யாமல் விட்ட ஏதோவொன்றில்தான் போய் நிற்கும்.

பாரம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கழற்றத் தொடங்குவதே இவற்றுள் மிகப் பெரிய தவறு. இரண்டு சில்லுப் பெட்டி, அச்சை நடுவாகக் கொண்ட தராசு போன்றது. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால், பெட்டியின் முன்புறம் நீண்டிருக்கும் இழுவைச் சட்டம் இயந்திரத்தின் கொழுக்கியைக் கீழே அழுத்தும். பின்னால் கூடினால் அதே சட்டம் கொழுக்கியை மேலே தூக்கப் பார்க்கும். 2,000 கிலோ பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 30 சென்ரிமீற்றர் பின்னால் விழுந்து, அச்சுக்கும் கொழுக்கிக்கும் இடையே 3 மீற்றர் தூரம் இருக்குமானால், கொழுக்கியை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். ஊசி வெளியே வரும் கணத்தில் அந்த 200 கிலோவும் சட்டத்தை மேலே வீசும். குனிந்து நிற்பவரின் தாடை அந்த வழியில்தான் இருக்கும். ஆகவே கூடியவரையில் பாரத்தை இறக்கிவிட்டே பெட்டியைக் கழற்ற வேண்டும். இறக்குவதையும் பெட்டி இயந்திரத்தோடு பூட்டியிருக்கும்போதே முடிக்க வேண்டும். கழற்றி நிறுத்திய பெட்டியின் முன்பக்கத்திலிருந்து மூடைகளை எடுத்துக்கொண்டு போனாலோ, இறக்குவதற்கென்று இரண்டு பேர் பின்பலகையில் ஏறி நின்றாலோ, சட்டம் கிளம்பிப் பெட்டி பின்புறமாகக் குந்திவிடும்.

அடுத்தது இடம். வீட்டுப் படலைக்கு முன்னால், வாய்க்காலுக்கு மேல் போட்ட சரிவான சீமெந்துத் தளத்தில் பெட்டியைக் கழற்றுவது பெருந்தவறு. தரை தட்டையான ஊர் என்பதால் சரிவைப் பற்றி நாம் நினைப்பதேயில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சிறு சாய்வே பாரப் பெட்டியை உருட்டப் போதும். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண் கோடையில் இறுகிக் கிடந்தாலும், மாரியில் ஊறிய பிறகு, கழற்றிய பெட்டியின் சட்டத்தைத் தாங்கி நிற்கும் முன்தாங்கியின் காலை மெல்ல மெல்ல உள்வாங்கிக்கொள்ளும். வடமராட்சி கிழக்கின் மணலில் இதற்கு மழைகூடத் தேவையில்லை. அகலமான தடித்த பலகைத் துண்டொன்றைத் தாங்கியின் கீழே வைத்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். அந்தப் பலகை எப்போதும் பெட்டியிலேயே கிடக்க வேண்டும்.

சில்லுகளுக்கு அணை வைக்காமல் கழற்றுவதும், வைத்தாலும் பெயருக்கு ஒரு கல்லை வைப்பதும் ஒரே தவறுதான். ஐரோப்பிய நாடுகளில் கார்கள் இழுத்துச் செல்லும் கரவன் வண்டிகளில், வண்டிக்கென்றே தனிக் கைப்பிரேக்கும், முன்புறத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய சிறு சில்லும் இருக்கும். அங்கேயும் முதலில் கைப்பிரேக்கைப் போட்டு, சில்லுகளுக்கு அணை வைத்த பிறகே இணைப்பில் கைவைக்கிறார்கள். நம்முடைய பெட்டிகள் பலவற்றில் அந்தக் கைப்பிரேக் இல்லை. இயந்திரத்தின் பிரேக் பெட்டியைப் பிடித்து வைத்திருப்பது ஊசி இருக்கும்வரைக்கும் மட்டுமே. எனவே இரண்டு சில்லுகளுக்கும், முன்னும் பின்னுமாக, ரயரோடு ஒட்டி உட்காரும் சாய்வான மரக்கட்டைகளை வைக்க வேண்டும். உருண்டைக் கல் ரயரோடு சேர்ந்து தானும் உருளும்.

தாங்கி இல்லாத பெட்டிக்குச் சீமெந்துப் புளொக் கல்லை முட்டுக்கொடுக்கும் வழக்கத்தை நான் சிறிதும் ஏற்கமாட்டேன். சுவர் கட்டும்போது பாரத்தைப் பரவலாகத் தாங்குகின்ற அந்தக் கல், சட்டத்தின் இரும்பு விளிம்பு ஒரே இடத்தில் அழுத்தும்போது எந்த முன்னறிகுறியும் காட்டாமல் உடைந்துவிடும். இரண்டு முனையும் சமமாக வெட்டிய பனங்குற்றியை நேராக நிறுத்தி வைப்பது அதைவிட நல்லது. திருகி உயர்த்தும் தாங்கியைப் பற்றவைத்துப் பூட்டிக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது.

ஊசி வரவில்லையென்றால் சுத்தியலை எடுப்பது நம்மிடையே மிகப் பரவலாக உள்ள தவறு. நன்றாக நிறுத்திய பெட்டியின் ஊசி இரண்டு விரலால் திருகித் தூக்கும்போது வந்துவிடும். வராவிட்டால், சட்டத்தின் வளையம் கொழுக்கியின் மேற்றகட்டிலோ கீழ்த்தகட்டிலோ அழுந்தியிருக்கிறது, அல்லது பெட்டி முன்னுக்கோ பின்னுக்கோ ஊசியை நெருக்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தால் தெரியும்: வளையம் கீழ்த்தகட்டில் படிந்திருக்குமானால் அதற்கு மேலேயுள்ள இடைவெளி முழுதாகவும், கீழே வெளிச்சமே புகாமலும் இருக்கும். வளையத்துக்கு இரு பக்கமும் மெல்லிய இடைவெளி தெரியும்வரை தாங்கியைத் திருகி உயர்த்த வேண்டும். அதன் பின்னரும் ஊசி அசையாவிட்டால், ஒருவர் இயந்திரத்தில் ஏறி அதை ஒரு விரற்கடையளவு முன்னோ பின்னோ நகர்த்தி நிறுத்த வேண்டும். நகரும் அந்த நேரத்தில் கொழுக்கிக்கு அருகில் எவரும் நிற்கக்கூடாது. ஊசித் துளை நேராகிவிட்டதா என்று விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதை அடியோடு நிறுத்த வேண்டும், ஏனென்றால் வளையம் சிறிது நழுவினாலும் விரல் துண்டாகிவிடும். உண்மையான ஊசி தொலைந்த பிறகு கொங்கிறீட் கம்பித் துண்டைச் செருகி ஓடுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கம்பி வளைந்துபோனால் பிறகு எந்த வழியிலும் இலகுவாக வராது.

ஊசியை எடுக்க முன்னர் சங்கிலியையும் விளக்கு வயரின் பிளக்கையும் கழற்ற மறப்பவர்கள் உண்டு. வயர் அறுந்தால் செலவோடு போய்விடும். பெட்டியைச் சாய்த்துக் கொட்ட உதவும் ஹைட்ரோலிக் குழாய் அப்படியல்ல. பெட்டியை முழுதாகக் கீழே இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்பியை இரண்டு மூன்று தரம் முன்னும் பின்னும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்றாமல் குழாயைக் கழற்ற முயன்றால், எண்ணெய் பீறிட்டு முகத்தில் அடிக்கலாம். மீண்டும் பூட்டும்போதும் இணைப்பு உள்ளே போகாது.

லாண்ட்மாஸ்டர் எனப்படும் இரண்டு சில்லு உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் மேலதிகமாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாலு சில்லு இயந்திரம் பெட்டியில்லாமலும் தன் காலில் நிற்கும். லாண்ட்மாஸ்டரோ, எஞ்சின் முன்புறத்தில் இருப்பதால், பெட்டி விலகியவுடன் மூக்குக் குத்தும். அதனால் பெட்டியின் சட்டத்துக்குத் தாங்கி வைப்பதோடு, இயந்திரத்தின் முன்காலையும் இறக்கிவிட்ட பின்னரே ஊசியைத் தொட வேண்டும். ஒருவர் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க மற்றவர் ஊசியை இழுப்பது தனியே செய்வதைவிட நல்லது.

கழன்றவுடன் இயந்திரத்தை வேகமாக எடுத்துக்கொண்டு போகாமல், முதற் கியரில் ஓரடி தூரம் நேராக நகர்த்தி நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். ஏதாவது கழற்றாமல் விடுபட்டிருந்தால் அந்த ஓரடியிலேயே தெரிந்துவிடும். சிறுபிள்ளைகள் இந்த நேரத்தில்தான் இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே ஓடி வருவார்கள். அவர்களை முன்கூட்டியே வேலிப்பக்கம் அனுப்பிவிடுவது ஓட்டுநரின் பொறுப்பு.

நிறுத்திவிட்டுப் போகும் பெட்டியின் சட்டத்தைத் தரையில் படுக்கவிடக்கூடாது. கொழுக்கியின் இரு தகடுகளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் தாங்கியில் நிறுத்தினால், திரும்பப் பூட்டும்போது இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்துவந்தாலே வளையம் தன் இடத்தில் அமர்ந்துவிடும். ஊசியையும் அதன் பூட்டுக் கம்பியையும் துடைத்து, கிறீஸ் பூசி, கழற்றிய கையோடு சட்டத்திலேயே சிறு சங்கிலியால் கட்டித் தொங்கவிட வேண்டும்.