பேய்ப்படத்துக்கு ஆளெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனி மாவட்டக் கம்பத்திலிருந்து மலையேறிக் கேரளத்துக் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் பேய்ப்படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் என்னிடம் யோசனை கேட்டு வருவார்கள். நடிகர் தேர்வுதான் என் வேலை. எங்கள் தலைமுறை பணத்தைக் கரைத்த அதே இடங்களில் இவர்களும் கரைக்கிறார்கள். கேமராவைப் பார்ப்பது, வசனத்தை ஒப்பிப்பது எல்லாம் ஒத்திகையில் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன்.

முகத்தை முடிவுசெய்துவிட்டுக் குரலை அப்புறம் பார்ப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். நான் வேலை பார்த்த ஒரு படத்தில் நாயகி, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். இடைவேளைக்குப் பிறகு அவள்மேல் பேய் இறங்கும். இயக்குநருக்குப் பெரிய கண்கள் வேண்டும் என்று ஒரு மாடலைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. வசனத்துக்குப் பதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லிப் படம் பிடித்தார்கள். நிறத்தைக் குறைக்கப் பூசிய ஒப்பனை சாரலில் வழிந்ததால், ஷாட்டுக்கு ஷாட் காத்திருந்தோம். டப்பிங்கில் உதடு ஒட்டவில்லை, திரும்பத் திரும்பப் பேசவைத்தார்கள். கடைசியில், கொழுந்து கிள்ளும் பெண் செய்தி வாசிப்பதுபோலப் பேசினாள். பேய் வந்தபோது தியேட்டரில் ஒருவரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? அவள் தம்பியைத் திட்டுவதையும் கங்காணியிடம் மல்லுக்கு நிற்பதையும் அவளுடைய பேச்சிலேயே கேட்டிருந்தால்தானே, அந்தப் பேச்சு மாறும்போது குலை நடுங்கும்!

டப்பிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்ரத்தாழ்' மலையாளப் படத்தில் ஷோபனா நடித்த கங்காவுக்கு பாக்யலட்சுமி குரல் கொடுத்தார். அவள் தஞ்சாவூர் நடனக்காரி நாகவல்லியாக மாறித் தமிழில் பேசும்போது துர்காவின் குரல். கங்காவின் வாயில் அந்தத் தமிழ் வருவதுதான் நம்மை உறையவைக்கிறது. குரலும் பாத்திரத்தின் பாதி என்று தெரிந்து செய்த வேலை அது.

ஆகவே முகம் பார்க்கும் முன் போனில் பேசவிட்டுக் கேளுங்கள். வசனம் வேண்டாம், காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்தார் என்று சொல்லட்டும். லயத்துத் தமிழில் தேனிப் பக்கத்து இழுவையும் இருக்கும், மலையாளச் சொற்களும் கலந்திருக்கும். அது நாக்கில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். டப்பிங் தவிர்க்க முடியாது என்றால், குரல் கொடுப்பவரை ஒத்திகைக்கே அழைத்து நடிகரோடு உட்காரவையுங்கள். படப்பிடிப்பில் பைலட் டிராக்கும், அதாவது டப்பிங்குக்கு வழிகாட்ட அங்கேயே பதியும் பேச்சும், கட்டாயம் எடுங்கள்.

மலையாள மந்திரவாதி

உருட்டும் கண், ருத்திராட்சம், உடைந்த தமிழ். இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஆள் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். தினமும் மலையாளிகளோடு டீ குடிக்கிற நம் ஊர்க்காரர்களே இப்படி எழுதுவது எனக்கு வருத்தம். அவருக்கு ஒரு வீடு, ஒரு கடன், அவரே பயப்படும் ஒரு விஷயம் எழுதுங்கள். பிறகு தேடுங்கள்.

பளியர், மன்னான் பழங்குடி வேடங்கள்

யார் முகத்திலும் கரி பூசாதீர்கள். அந்தக் குடிகளிலேயே கேளுங்கள்.

தயாரிப்பாளரின் தம்பி

நாயகன் வேடம் தராதீர்கள்.

குழந்தைப் பேய்

ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் குழந்தையை நடிக்கவைக்கக் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் வேண்டும். படப்பிடிப்பு குமுளியில் என்றால் தேனியில் மனு கொடுத்துப் பயனில்லை, இடுக்கி ஆட்சியரிடம்தான் போக வேண்டும்.