புது வேலை ஆஃபர் வந்திருக்கிறதா? ராஜினாமா மெயிலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் கணக்கு போடுங்கள்

ஆஃபர் லெட்டர் வந்த ராத்திரியே சரி என்று சொல்லிவிடாதீர்கள். 2, 3 நாள் அவகாசம் கேட்டால் எந்த ஹெச்.ஆரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பெங்களூருக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான்கு கம்பெனி மாறியிருக்கிறேன், அதில் இரண்டு முறை இந்தக் கணக்கைப் போடாமலே மாறினேன். எத்தனை சதவீதம் ஹைக், அதாவது சம்பள உயர்வு என்று மட்டும் பார்ப்பதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு. மாசம் கையில் எவ்வளவு வரும், அதற்கு எத்தனை மணி நேரம் வீட்டை விட்டு வெளியே இருக்க வேண்டும், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பணம். 18 லட்சம் சி.டி.சி. (கம்பெனி உங்களுக்காக வருஷத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாசம் ஒன்றரை லட்சம் என்று மனசு கணக்கு போட்டுவிடும். பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், அதில் பாதி, அதாவது 9 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பேசிக்கில் 12 சதவீதம், 1,08,000 ரூபாய், உங்கள் சி.டி.சி.க்குள்ளேயே இருக்கிறது. கிராஜுவிட்டி (பல வருஷ வேலைக்குக் கடைசியில் கிடைக்கும் பணிக்கொடை) என்று ஏறக்குறைய 43,000 காட்டுவார்கள், நிரந்தர ஊழியராக 5 வருஷம் முடிக்காமல் கிளம்பினால் அது உங்களுக்கு இல்லை. வேரியபிள், அதாவது வேலையின் பலனைப் பார்த்துத் தரும் பகுதி, 10 சதவீதம் என்றால் 1,80,000, அது வந்தால்தான் வந்தது. இதெல்லாம் போக மிச்சத்தில் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,08,000, கர்நாடகத்தின் தொழில் வரி மாசம் 200 (பிப்ரவரியில் மட்டும் 300), அப்புறம் புது வரி முறையில் வருமான வரி. கடைசியில் கைக்கு வருவது மாசம் சுமார் 1,05,000. இப்போதைய வேலையில் 14 லட்சம் என்று வைத்து இதே மாதிரி போட்டால் 88,000 வருகிறது. காகிதத்தில் வருஷத்துக்கு 4 லட்சம் கூட, கையில் மாசம் 17,000 கூட. சில கம்பெனிகளில் பி.எஃப்.பை மாசம் 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்கிறார்கள், அங்கே கையில் வருவது கூடும், பி.எஃப். சேமிப்பு குறையும். அதனால் மாசச் சம்பளம் பிரித்துப் போட்ட தாளை ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குங்கள்.

இப்போது நேரம். எலெக்ட்ரானிக் சிட்டியில் வீடு, இப்போதைய வேலையும் அங்கேயே என்றால் போக வர ஒரு மணி நேரம், ஆபீஸ் ஒன்பது மணி நேரம். மாசம் 22 நாளுக்கு 220 மணி நேரம். 88,000-ஐ வகுத்தால் மணிக்கு 400 ரூபாய். புது வேலை ஒயிட்ஃபீல்டில் என்று வையுங்கள். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி என்று ரோட்டில் போனாலும் சரி, மெட்ரோவில் மஞ்சள் லைன் பிடித்து ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் பர்ப்பிளுக்கு மாறினாலும் சரி, போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. 264 மணி நேரம், 1,05,000 ரூபாய். மணிக்கு 398. இதில் கேப் காசைக்கூட நான் கழிக்கவில்லை. இந்த ஒரு வகுத்தலை முன்னாடியே போட்டிருந்தால் என் மகளின் யு.கே.ஜி. வருஷத்தை அவள் தூங்கும்போது மட்டும் பார்த்துக் கழித்திருக்க மாட்டேன்.

வீட்டை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றலாம், அதற்கும் விலை உண்டு. புது வீட்டுக்கு 5, 6 மாச வாடகை அட்வான்ஸ் முடங்கும், 10 மாச வாடகை கேட்கும் ஓனர்களும் இருக்கிறார்கள். பழைய ஓனர் பெயின்ட் அடிக்க என்று ஒரு மாச வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சம் கொடுப்பார். குழந்தைக்குப் புது ஸ்கூல் அட்மிஷன் என்றால் ஹைக்கின் முதல் வருஷம் அதிலேயே போய்விடும். ஆஃபருக்குப் பதில் சொல்லும்போது வாரம் 2 நாள் வீட்டிலிருந்து வேலை என்று கேளுங்கள், ஒத்துக்கொண்டால் மெயிலில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு மேனேஜர் மாறினால் போய்விடும். டீமில் இருக்கும் ஒருவரைப் பிடித்து ராத்திரி 9 மணிக்கு மேல் வாரத்துக்கு எத்தனை கால் என்று கேட்டுவிடுங்கள், இன்டர்வியூவில் இதற்கு நேரான பதில் வராது.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப வலித்த விஷயம். கம்பெனி கொடுக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். நான் ஒரு கம்பெனியை விட்டு அடுத்ததில் சேர இருபது நாள் இடைவெளி விட்டு, ஊருக்குப் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த இருபது நாளுக்குள் தஞ்சாவூரில் அப்பாவுக்கு நெஞ்சு வலி. 1,40,000 ரூபாய் கையிலிருந்து போனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, ஆஸ்பத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு "என்னால உனக்குச் செலவுப்பா" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பெற்றோருக்குத் தனி பாலிசி ஒன்று எடுத்துவையுங்கள், இன்றைக்கே. ஏற்கனவே இருக்கும் சுகர், பி.பி. போன்றவற்றுக்கு 3 வருஷம் வரை காத்திருக்கச் சொல்லலாம், தள்ளிப்போட்டால் அந்த 3 வருஷமும் தள்ளிப்போகும். 2025 செப்டம்பரிலிருந்து தனிநபர் மருத்துவ பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

கையில் எவ்வளவு இருந்தால் மாறலாம்? ஆறு மாசச் செலவு. வாடகை, இ.எம்.ஐ., ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் சேர்த்து. ப்ரொபேஷன், அதாவது வேலையை நிரந்தரமாக்கும் முன் உள்ள சோதனைக் காலத்தில் குறுகிய நோட்டீஸில் அனுப்பிவிட முடியும் என்பதால் சொல்கிறேன். ஷேரில் போடாமல் பேங்க் எஃப்.டி.யில் வையுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எடுக்க முடிய வேண்டும். ஜாயினிங் போனஸை இதில் சேர்க்காதீர்கள், ஒரு வருஷத்துக்குள் கிளம்பினால் திருப்பிக் கேட்பார்கள், லெட்டரில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

முடிவு செய்துவிட்டால் பேப்பர் வேலை கொஞ்சம்தான். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புது கணக்குக்கு மாற்றுங்கள், 5 வருஷ சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி விழும், மாற்றினால் பழைய சர்வீஸும் சேர்ந்துகொள்ளும். பழைய கம்பெனியில் அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளத்தைப் புது கம்பெனிக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் தனித்தனியாக 75,000 கழிவு கொடுத்து வரியைக் குறைவாகப் பிடிப்பார்கள், ரிட்டர்ன் போடும்போது மிச்ச வரி வட்டியோடு மொத்தமாக வந்து நிற்கும். ரிலீவிங் லெட்டரை வாங்காமல் லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கடைசி நாளை வெள்ளிக்கிழமையாகவும் சேரும் தேதியை அடுத்த திங்கட்கிழமையாகவும் கேளுங்கள், அப்போது இன்ஷூரன்ஸ் இல்லாத நாள் சனியும் ஞாயிறும் மட்டும்தான். ஊருக்குப் போக வேண்டும் என்றால் நோட்டீஸ் காலத்திலேயே லீவு கேட்டுப் பாருங்கள், கம்பெனி ஒத்துக்கொண்டால் அந்த நாட்களில் அப்பா அம்மாவுக்குப் பழைய இன்ஷூரன்ஸே ஓடிக்கொண்டிருக்கும்.