மாசமான பெண் இருக்கும் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் முதலில் பப்பாளியை ஒதுக்குவார்கள். கிரகணத்தன்று கதவைச் சாத்தி உள்ளே உட்கார வைப்பார்கள். பொழுது சாய்ந்தால் அவள் காலடியிலேயே கொசுவர்த்தி புகைந்துகொண்டிருக்கும்.

மாசு என்றாலே மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டுப் புகையும் வெள்ளக்கல் குப்பைமேடும்தான் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடிவதற்குள் கிளப்பும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டினால் தீர்ந்தது. "எங்க வீட்டில் கேஸ்தான்" என்பார்கள். பின்வாசலில் வெந்நீர் அடுப்பு மட்டும் விறகில் எரியும். அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியான ஆய்வில், காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. நாலு கிராம்தானே என்று தோன்றும். விறகெரியும் சமையலறையில் நுண்துகள் நூற்றுக்கணக்கான மைக்ரோகிராமுக்கு ஏறும். குழந்தை 2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் அது எடைக்குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது மல்லிகைத் தோட்டம். மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்துவிட்டு வருகிறவரின் கைலியை மற்ற துணிகளோடு ஒரே வாளியில் ஊறப்போட்டு, வெறுங்கையால் கசக்கிப் பிழிவது அவள்தான். பூச்சிமருந்து தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். அடித்தவரே தனியாக அலசிப் போடட்டும், அதிலென்ன கௌரவக் குறைச்சல்? மருந்தடித்த மறுநாள் விடிகாலையில் அவளைப் பூப்பறிக்கவும் அனுப்ப வேண்டாம்.

வளைகாப்புக்காகப் பழைய கதவு, ஜன்னலைச் சுரண்டி பெயின்ட் அடிப்பார்கள். புது பெயின்டில் காரீயம் என்ற நச்சு உலோகம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் (90 பிபிஎம்) தாண்டக் கூடாது என்று 2017 முதல் விதி இருக்கிறது. பழைய பெயின்ட்தான் வம்பு. சுரண்டும்போது தூளாகப் பறக்கும். அந்த வேலை முடிந்து வீட்டை ஈரத்துணியால் துடைக்கும்வரை அவள் அம்மா வீட்டில் இருக்கட்டும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் அப்படித்தான். வெள்ளீயம் என்றால் சரி, காரீயம் கலந்திருந்தால் புளி அதைக் கரைத்து இழுத்துவிடும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே பிரசவம் ஆகும்வரை பரணில் கிடக்கட்டும்.

"ஸ்கேன் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் உண்டு. காரீயம் ஸ்கேனில் தெரியாது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரைகளை அலமாரியில் சேர்த்துவைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம், ஏழாம் மாதம் வளையல் போட்ட பிறகுதான் கவனிப்பு என்றால் காலம் கடந்துவிடும். முக்கிய உறுப்புகள் உருவாவது முதல் இரண்டு, மூன்று மாதத்திலேயே.

பிள்ளை பிறந்ததும் சாம்பிராணி வரும். தலைக்கு ஊற்றிவிட்டு, கூடையைக் கவிழ்த்து, பச்சைப் பிள்ளையின் முடியைப் புகையில் காட்டுவார்கள். துண்டால் ஒற்றி எடுத்தாலே அந்த முடி காய்ந்துவிடும். இருப்பதே ஒரு பிடி.