புலிக் கணக்கெடுப்புக்குத் தானியங்கி கேமரா வைப்பது எப்படி?

புலியின் இடப்பக்க வரிகளும் வலப்பக்க வரிகளும் ஒன்றுபோல் இருக்காது. ஓரிடத்தில் ஒரே கேமரா இருந்தால், இன்று பதிவான இடப்பக்கமும் அடுத்த வாரம் பதிவாகும் வலப்பக்கமும் ஒரே புலியுடையதா என்று சொல்ல வழியில்லை. அதனால்தான் பாதையின் இருபுறமும் ஜோடியாக வைக்கிறோம். வரிகளைக் கொண்டு புலிகளை அடையாளம் கண்டு எண்ணிக்கையை மதிப்பிடும் இந்த முறையை கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் பயன்படுத்தி வன உயிரியல் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1995இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி முதல் தேவை. பிறகு காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி என்று திட்டமிடுங்கள். கட்டத்துக்குள் எந்த இடம் என்பதை வரைபடம் சொல்லாது. வேட்டைத் தடுப்புக் காவலர்களோடு நடந்து, காலடித்தடம், எச்சம், நகக்கீறல் உள்ள இடங்களையும், பாதைகள் கூடும் இடங்களையும், ஓடைக் கடவுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க் காவலருக்குத் தெரிந்த பாதை பெரும்பாலும் புலிக்கும் தெரிந்த பாதைதான்.

பாதை கிழக்கு மேற்காக ஓடும் இடமாகப் பாருங்கள். அங்கே கேமராக்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். காலை, மாலை வெயில் லென்ஸில் நேரே விழாது. பாதையின் நடுவிலிருந்து 3 முதல் 4 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், அதாவது 40 முதல் 45 செ.மீ. உயரத்தில் மரத்தில் கட்டுங்கள். சரிவாக இருந்தால் மரத்தடியிலிருந்து அளக்கக் கூடாது. பாதையின் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் பார்த்தால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தை வெளுத்துவிடும். ஒன்றைச் சற்று நகர்த்திக் கட்டுங்கள். இரவில் ஓடும் புலியின் வரிகள் அகச்சிவப்பு ஒளியில் கலங்கிப்போகும். வெள்ளை ஃபிளாஷே நல்லது.

சென்சார் உணர்வது அசையும் வெப்பத்தை. வெயிலில் சூடேறிய புல் காற்றில் ஆடினாலே படம் எடுக்கும். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்கள் சேர்ந்து மெமரி கார்டு நிறைந்துவிடும். பார்வைக்குள் வரும் புல்லைக் கணுக்கால் அளவுக்கு வெட்டுங்கள், மரக்கன்றுகளைத் தொடாதீர்கள். உச்சி வெயிலில் தரையின் சூடு விலங்கின் உடல் சூட்டை நெருங்கும்போது விலங்கு கடந்தும் பதிவாகாமல் போகலாம். கட்டி முடித்ததும் ஒருவர் குனிந்து தவழ்ந்து பாதையைக் கடக்க, சோதனை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

மழைக்காட்டில் கேமராவைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம். மூடும் முன் ரப்பர் வளையத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வையுங்கள். பழைய பேட்டரியோடு புதியதைக் கலக்காதீர்கள். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் இரும்புக் கூடு கட்டாயம்.

பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதியும் நேரமும் பழைய நிலைக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் இட எண், தேதி, ஜி.பி.எஸ். நேரம் எழுதிய பலகையை முதல் படமாக எடுங்கள். கடிகாரம் தவறியிருந்தாலும் பின்னால் திருத்தலாம்.

குறைந்தது 25 நாள் ஓட விடுங்கள். 60 நாளைத் தாண்ட விடாதீர்கள். கணக்கெடுக்கும் நாட்களில் புலிகளின் எண்ணிக்கை மாறாது என்பதே கணக்கீட்டின் அடிப்படை. பிறப்பும் இறப்பும் இடப்பெயர்வும் கூடினால் அதுவே ஆட்டம் காணும். மரநாய், முள்ளம்பன்றி படங்களையும் அழிக்காதீர்கள், அவற்றுக்கும் தனி ஆய்வு உண்டு. புலிப் படத்தை வெளியிடும் முன் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். வேட்டைக்காரர்களுக்கு அதுவே போதும்.