இங்கிலாந்தில் முதல் நர்ஸ் வேலையா? பாண்ட் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

சிபிடி (கணினியில் எழுதும் நர்சிங் தேர்வு), ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, விசா வரைக்கும் ஏஜென்சியே கூட வரும். லண்டனிலோ லெஸ்டரிலோ வந்து இறங்கியதும் இ-விசா (இணையவழி விசா) கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பாருங்கள். வங்கிக் கணக்குக்கு மருத்துவமனையிடம் முகவரிக் கடிதம் வாங்குங்கள். ஜிபியில் (குடும்ப மருத்துவரிடம்) பதிய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வீட்டுக்குச் சென்னை போலப் பத்து மாத அட்வான்ஸ் கிடையாது, பொதுவாக ஐந்து வார வாடகைதான் உச்சவரம்பு. ஆஸ்கி எனும் செய்முறைத் தேர்வை வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல்முறை எழுதி, 8 மாதத்துக்குள் தேற வேண்டும். என்எம்சி (இங்குள்ள நர்சிங் கவுன்சில்) பதிவு எண் வரும்வரை ‘பேண்ட்’ எனும் சம்பளப் படிநிலையில் 3 அல்லது 4, வந்ததும் பேண்ட் 5.

வார்டில் பத்து மொழி பேசும் நோயாளிகள் இருப்பார்கள். நம் தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்தால் ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசுங்கள். ஆனால் அறுவை சிகிச்சைச் சம்மதத்துக்கு நீங்களே மொழிபெயர்க்காதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இனி பாண்ட். குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால், உங்களை அழைத்து வர மருத்துவமனை செய்த செலவை நீங்கள் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் இது. ஊரில் ஒரிஜினல் சான்றிதழைப் பிடித்து வைப்பார்கள். இங்கே அதைச் செய்வதில்லை, அதற்குப் பதில் ஒப்பந்தத்தின் கடைசியில் ‘திருப்பிச் செலுத்தும் விதி’ இருக்கும். நம் பிள்ளைகள் பணத்தை இழப்பது இந்த இடத்தில்தான்.

அதில் மூன்றைத் தேடுங்கள். தொகை மாதாமாதம் குறைகிறதா? உதாரணத்துக்கு 24 மாதத்துக்கு 6,000 பவுண்டு என்றால், மாதம் 250 கழிய வேண்டும். 18 மாதம் முடித்துப் போகிறவர் 1,500 கட்டினால் போதும். குறையாத ஒப்பந்தத்தில் அதே ஆள் முழு 6,000-ஐயும் கட்ட வேண்டியிருக்கும். அடுத்து, அந்த 24 மாதம் எப்போது தொடங்குகிறது? ‘வேலையில் சேர்ந்த நாள்’ என்றால் சரி. ‘என்எம்சி பதிவு நாள்’ என்று இருந்தால் ஆஸ்கிக்குப் போன மாதங்கள் கணக்கிலேயே வராது, பாண்ட் அத்தனை மாதம் நீள்கிறது. இந்த ஒரு வரியை யாரும் உங்களுக்கு வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, ஆஸ்கியில் தேறாமல் வேலை போனாலும் கட்ட வேண்டுமா?

கையெழுத்துக்கு முன்பே செலவுப் பட்டியலை மின்னஞ்சலில் கேளுங்கள். விமான டிக்கெட், விசா, ஆஸ்கி கட்டணம், முதல் மாதத் தங்குமிடம் என ஒவ்வொன்றுக்கும் தனித் தொகை வேண்டும். ‘இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்’ (வெளிநாட்டு ஊழியரை எடுக்க மருத்துவமனை அரசுக்குக் கட்டும் கட்டணம்) அதில் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், அதை ஊழியர் தலையில் கட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. வேலை வாங்கித் தர இங்குள்ள ஏஜென்சி உங்களிடம் கமிஷன் கேட்பதும் சட்டவிரோதம். கடனை உடனை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசிச் சம்பளத்திலிருந்து மொத்தமாகப் பிடிக்கலாம் என்ற வரியும் இருக்கும். தவணை முறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேர்ந்த முதல் வாரமே தொழிற்சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள், பிரச்சினை வந்தபின் சேர்ந்தால் அந்தப் பிரச்சினைக்கு உதவி கிடைப்பது கடினம்.

வேறு மருத்துவமனை கிடைத்தாலும் அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். முதலில் புது மருத்துவமனை தரும் ஸ்பான்சர்ஷிப் சான்று (விசாவுக்கான வேலை உறுதிச் சான்று), பிறகு விசா விண்ணப்பம், முடிவு வந்தபின்தான் புது வேலை. முந்திக்கொண்டு விலகினால் பழைய மருத்துவமனை உள்துறைக்குத் தெரிவித்துவிடும். அங்கிருந்து கடிதம் வந்தால் புது விசாவுக்கு விண்ணப்பிக்கவோ நாட்டை விட்டுப் போகவோ வழக்கமாக 60 நாள்தான் அவகாசம்.