கரையைச் சுவராக்காதீர்கள்: நகர நீர்நிலைகளை மீட்கும்போது நேரும் தவறுகள்

குளத்தை மீட்கப் போகிறோம் என்றதும் முதலில் வந்து நிற்பது பொக்லைன்தான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதைக் கலந்துகொண்டு வருகிறது, பெருமழையில் எவ்வளவு ஏறுகிறது என்று ஒரு மழைக்காலமாவது பார்த்துவிட்டு, அப்புறம் அதைக் கூப்பிடலாம்.

கரையைச் செங்குத்தாக வெட்டிக் கான்கிரீட் பூசுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சரி. ஆனால் குளத்து உயிர்களில் பெரும்பகுதி முழங்கால் ஆழத் தண்ணீரில்தான் பிழைக்கின்றன. தட்டானின் இளம்பூச்சி தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து, ஒருநாள் கோரைத் தண்டைப் பற்றி மேலேறும். முதுகு வெடிக்கும், தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பறந்துவிடும். காலித்தோல் தண்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வழவழப்பான சுவரில் அது எதைப் பிடித்து ஏறும்? ஓர் அடி இறங்க நாலைந்து அடி நடக்கிற மாதிரி கரையைச் சாய்த்து விடுங்கள். கோரையும் சம்பும் வேரூன்ற இடம் கிடைக்கும்.

“வெள்ளம் கரையை அரித்துவிடாதா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, வளைந்தோடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றினார்கள். 2012-இல் திறந்தார்கள். அதற்கு முன்பே பக்கத்து வடிகால் ஒன்றில் சின்னதாக ஒரு துண்டை எடுத்து, செடி, கல், மரக்கட்டை என்று பல விதமாகக் கரை கட்டி, எது தாங்குகிறது என்று பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒத்திகையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஆற்றை நேராக்கினால் தண்ணீர் சீக்கிரம் வடியும் என்பது பழைய நம்பிக்கை. ஃபுளோரிடாவில் கிஸ்ஸிமி ஆற்றை 1962 முதல் 1971 வரை வெட்டி நேராக்கினார்கள். சுற்றியிருந்த சதுப்பு காய்ந்தது, பறவைகள் போய்விட்டன. அதன் ஒரு பகுதியையாவது பழையபடி வளைக்கும் வேலை முடிய 2021 ஆனது.

இன்னொன்று, கழிவுநீரை நிறுத்தாமல் செடி நடுவது. நாணல் வேரைச் சுற்றியுள்ள நுண்ணுயிரிகள் ஓரளவு அழுக்கைத்தான் சமாளிக்கும். ஒரு தெருவின் சாக்கடையே வந்து விழுந்தால் அவையும் என்ன செய்யும்? செடி உறிஞ்சிய சத்தும், அது அங்கேயே அழுகினால் மறுபடி தண்ணீருக்கே போய்விடும். ஆகவே வளர்ந்ததை அவ்வப்போது அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். திறப்புவிழாவோடு நிதியை முடித்துக்கொள்ளும் திட்டங்களில் இதற்குத்தான் ஆளே இருக்காது.

பசுமை என்றாலே மரம் என்று நினைப்பவர்கள் ஈரப் புல்வெளியிலும் கன்று நடுவார்கள். திறந்த புல்தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு அதனால் இடமே போய்விடும்.

நாணல் அறுக்கும்போதும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் அறுத்துவிடாதீர்கள். இந்த ஆண்டு ஒரு பக்கம், அடுத்த ஆண்டு மறுபக்கம். கூடு கட்டும் மாதங்களில் அரிவாளையே எடுக்க வேண்டாம்.