புத்தகக் கட்டைப் பிரிக்கவே இல்லையா?

தொலைதூரக் கல்வியில் சேர்ந்தாயிற்று, வந்த புத்தகக் கட்டு அலமாரி மேலேயே தூங்குகிறதா? முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். வேலைக்குப் போய்வந்த அலுப்பில் மூன்றாம் பக்கத்திலேயே கண் சொக்கிவிடும். அசைன்மென்ட் கேள்வித்தாளை முதலில் எடுங்கள். இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பல படிப்புகளில் அதற்கே 30 சதவீத மதிப்பெண். வாரத்துக்கு ஒரு கேள்வி, அதற்கு வேண்டிய பாட அலகு மட்டும். சரிதானே?

அப்புறம் ஒரு சின்னத் தந்திரம். இரவில் பதிலை முடித்துவிட்டு எழாதீர்கள். பாதி வாக்கியத்தில் பேனாவை நோட்டுக்குள் வைத்து மூடுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று முழிக்க வேண்டியதில்லை. என் நோட்டு சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டில் பக்கத்திலேயே கிடக்கும். எண்ணெய்க் கறை பட்டால் படட்டும், ஃபேர் காப்பி வேறு தாளில்தானே!